சராசரியில் தேறிய பசை

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஊக்கமூட்டுவதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இனி யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அந்த ஒரு சௌகரியத்தில் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது தோற்ற கதை. சோதனை சரி, கணக்கு சரி, முடிவும் சரி. அப்படியும் ஒரு மனிதரின் வேலையையும் பெயரையும் காப்பாற்ற முடியவில்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். வராது என்று யாராவது சொன்னால் அவர் இன்னும் வேலையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நான் இருந்தது திருச்சிக்கு வெளியே, ஹாட்மெல்ட் பசை செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலை. அந்தப் பசை சாதாரணமாகக் கட்டியாக இருக்கும், சூடாக்கினால் ஓடும். அட்டைப்பெட்டியின் மடிப்பில் ஒரு கோடு இழுத்து அழுத்தினால் ஆறுவதற்குள் பிடித்துக்கொள்ளும். ரப்பர் போல வளையும் ஒரு பிளாஸ்டிக், ஒட்டுவதற்குப் பிசின், கொஞ்சம் மெழுகு. மூன்றையும் பெரிய டேங்கில் உருக்கிக் கலக்க வேண்டும். மொத்தத் தொழிலும் அவ்வளவுதான்.

அந்த டேங்குக்குப் பொறுப்பாக இருந்தவரைக் காதர் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. பாலக்கரைக்காரர். நான் சேர்ந்தபோதே அவர் அங்கே பழைய ஆள். அதிகம் பேச மாட்டார், ஆனால் அவர் டேங்கிலிருந்து வந்த மாதிரியை நான் சந்தேகத்தோடு தொட்டதே கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் பின்பக்க கேட் வழியாக ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வருவார். முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே அதற்கு அனுமதி உண்டு. யாரும் குறித்து வைப்பதில்லை, கேட்பதும் இல்லை. அந்த நேரம் எல்லோருக்கும் சாப்பாட்டு வேளை. டேங்க் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிசின் மூட்டைகள் வந்து இறங்கியதும் அது எந்தச் சூட்டில் இளகுகிறது என்று பார்ப்போம். அந்த எண் எல்லைக்குள் இருந்தால் உள்ளே எடுப்போம். இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும், ஆனால் திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும்? ஒரே தடவையில் வந்து இறங்கும் மூட்டைகள் ஒரு லாட். எண் தூக்கலாக வந்த லாட்டை ஓரமாக அடுக்கி வைப்பார்கள். பிறகு எப்போதாவது எண் குறைவான லாட் ஒன்று வரும். இரண்டையும் பாதிக்குப் பாதி சேர்த்து உருக்கினால் எண் நடுவில் வந்து கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். இதற்கு எங்களிடம் 'ஜோடி சேர்ப்பது' என்று பெயர். புரொடக்‌ஷன் மேனேஜர் இதில் கைதேர்ந்தவர். பொண்ணும் மாப்பிள்ளையும் அமைஞ்சிருச்சு மேடம் என்று மூட்டையைத் தட்டிக்கொண்டே வந்து சொல்வார். எனக்குப் பிடிக்காது, சொல்லியும் பார்த்தேன். அதுவரை கெடுதல் எதுவும் நடக்காததால் என் பேச்சு எடுபடவில்லை. அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. வீணாக்கக் கூடாது என்று நினைத்தவர். நல்ல குணத்தால் வருகிற கேடுதான் கண்ணில் படாமல் வருகிறது.

அந்தச் சமயத்தில் தொட்டியம் பக்கத்து வாழை விவசாயிகள் சிலர் குழுவாகச் சேர்ந்து முதல்முறையாக வளைகுடாவுக்குக் காய் அனுப்பக் கிளம்பியிருந்தார்கள். அவர்களுக்குப் பெட்டி செய்து கொடுத்தவர் எங்கள் பசையைத்தான் வாங்கினார். கப்பல் தேதி நெருங்கிவிட்டது, சரக்கு உடனே வேண்டும் என்று போனுக்கு மேல் போன். மேனேஜர் அவசரத்துக்கு ஜோடி சேர்த்தார். இந்த முறை ஒரு லாட் மிகவும் தூக்கல், மற்றது மிகவும் தாழ்வு. அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆய்வகத்துக்கு வந்த மாதிரியில் எண் சரியாக நடுவில் இருந்தது. பசை தேறியது. அன்று வெள்ளிக்கிழமை.

பெட்டிகள் துறைமுகத்துக் குளிர்கிடங்குக்குப் போனதும் அடிப்பக்கம் பிரியத் தொடங்கியது. தூக்கின பெட்டியிலிருந்து சீப்புச் சீப்பாகக் காய் கீழே விழுந்திருக்கிறது. மொத்த லோடையும் ஏற்றாமல் திருப்பிவிட்டார்கள். விவசாயக் குழுவின் தலைவர் ஒரு பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு எங்கள் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். முதலாளியின் மேசைமேல் வைத்து, மடிப்பை ஒரு விரலால் நெம்பினார். சத்தமே இல்லாமல் விட்டுக்கொண்டது. பசை ஒரு பக்கத்தில் மட்டும் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"காய்ல குறைன்னு சொல்லியிருந்தா ஏத்துக்கிட்டுப் போயிருப்பேங்க," என்றார் அவர். "காயை யாரும் பார்க்கவே இல்லை. பெட்டியைப் பார்த்துட்டே திருப்பிட்டாங்க."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு முதலாளி, மேனேஜர், நான் மூவரும் உட்கார்ந்தோம். பெட்டிக்காரருக்கு மாலைக்குள் ஒரு விளக்கம் கொடுத்தாக வேண்டும். கலவை சரியாகச் சேரவில்லை போலிருக்கிறது என்றார் மேனேஜர். ஜோடி சேர்த்ததால் இப்படி ஆகியிருக்கும் என்று அவருக்கு அப்போது தோன்றவே இல்லை, அதை நான் இன்றும் நம்புகிறேன். எப்போது கலக்கியது என்று முதலாளி கேட்டார்.

"வெள்ளிக்கிழமை சார்," என்றார் மேனேஜர். பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "மத்தியானம்."

அவ்வளவுதான். காதர் பாய் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. தொழுகை என்ற சொல்லும் வரவில்லை. மூன்று பேரும் படித்தவர்கள், நாகரிகம் தெரிந்தவர்கள், அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்வார்களா? ஆனால் அந்த நிமிடத்தில் விஷயம் முடிந்துவிட்டது. சோதித்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்றேன். தாராளமாகப் பாருங்கள், அதுவரை அவர் வேலைக்கு வர வேண்டாம் என்றார் முதலாளி.

காதர் பாயை அழைத்தார்கள். மிக்ஸரை முழு நேரமும் ஓட்டினீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் சார், முழு நேரமும் ஓடியது என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கூப்பிடும்வரை வீட்டில் இருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு ஆய்வகத்து வாசலில் வந்து நின்று, "போயிட்டு வரேன் மேடம்," என்றார். கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

மேனேஜரிடம் கேட்டபோது இரண்டு லாட் சேர்த்ததை ஒளிக்காமல் சொன்னார். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்றுதான் அவர் நினைத்தார். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை முதலாளிக்கு எப்படிப் புரியவைப்பது என்பதுதான் பிரச்சினை. சூத்திரம் எழுதிக் காட்டினால் மனிதர்களின் பார்வை வேறெங்கோ போய்விடும், பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் பூக்கடைகளைத் தாண்டித்தான் தினம் பஸ்ஸுக்குப் போவேன். உதிரி மல்லிகையையும் உதிரிக் கனகாம்பரத்தையும் ஒரே கூடையில் போட்டுக் குலுக்கினால் கலந்துவிடும். அதையே சரமாகத் தொடுத்துவிட்டுக் குலுக்கிப் பாருங்கள். நீளச் சரம் ஒவ்வொன்றும் தன் இனத்தோடு சுருண்டு கிடக்கும். பிசினின் மூலக்கூறும் ஒரு சரம்தான். நீளம் கூடினால் அது இளகும் சூடும் கூடும். அதன் ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக்கோடு கொஞ்சம் ஒத்துக்கொள்ளாது. குட்டையான மூலக்கூறு அதைப் பொறுத்துக்கொள்ளும். நீளமானதுக்கு அந்தச் சின்னச் சின்ன ஒவ்வாமையெல்லாம் கண்ணி கண்ணியாகச் சேர்ந்து பெரிதாகிவிடும். சூடாக இருக்கும்வரை ஆட்டத்தில் எல்லாம் கலந்து ஓடும். ஆறத் தொடங்கியதும் மிக நீளமானவை முதலில் ஒதுங்கித் தங்களுக்குள் சேர்ந்துகொள்ளும். கொஞ்சமாக இருந்தாலும் போதும், கலவை சீக்கிரமே பிரியத் தொடங்கிவிடும்.

சராசரி நீளம் ஒரு முழம் என்று ஒருவர் சொன்னால், எல்லாச் சரமும் ஒரு முழமாக இருக்கலாம். குட்டைச் சரம் பாதியும் மிக நீளமானது பாதியுமாகவும் இருக்கலாம். நாங்கள் அளந்த எண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பசைக்கு ஒன்றல்ல. முன்பு ஜோடி சேர்த்தபோதெல்லாம் இரண்டு லாட்டுக்கும் வித்தியாசம் குறைவாக இருந்தது, பெட்டிகளும் குளிர்கிடங்குக்குப் போகவில்லை. அதனால் தப்பித்துக்கொண்டே இருந்தோம்.

இரண்டு சோதனைக்குழாய்களில் பசை செய்தேன். ஒன்றில் எண் சரியாக இருந்த ஒரே லாட் பிசின். அதை வேண்டுமென்றே அரைகுறையாகக் கிளறினேன். மற்றதில் ஜோடி சேர்த்த பிசின். அதைக் கை வலிக்கும்வரை கலக்கினேன். சூட்டில் இரண்டும் தெளிவாக இருந்தன. ஆறவிட்டபோது, நன்றாகக் கலக்கியது தொட முடியாத சூட்டிலேயே மூட்டம் போட்டுவிட்டது, உள்ளே பிரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அரைகுறையாகக் கிளறியது வெகுநேரம் தெளிவாகவே நின்றது. மூட்டம் போட்டதை மறுபடி சூடாக்கினேன், தெளிந்தது. மறுபடி கலக்கி ஆறவிட்டேன், அதே இடத்தில் மூட்டம். கலக்கினால் தீருகிற நோய் இல்லை அது. அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு சந்தோஷம்.

முதலாளி அறைக்கே அடுப்பையும் குழாய்களையும் கொண்டுபோய்ச் செய்து காட்டினேன். முதலாளியும் இன்ஜினியர்தான். இரண்டாவது முறை மூட்டம் வந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மேனேஜர் குனிந்துகொண்டார். நான் முத்தாய்ப்பாக ஒரு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"சார், காதர் பாய் அன்னைக்குத் தொழுகைக்குப் போயிருந்தாலும் சரி, டேங்க் பக்கத்துலயே நின்னிருந்தாலும் சரி, இந்தப் பசை இப்படித்தான் பிரிஞ்சிருக்கும்."

முதலாளி அந்தக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரி மேடம்," என்றார். "ஆனா பதில் போயாச்சு."

ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு, அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டோம், இனி நடக்காது என்று பெட்டிக்காரருக்கு அன்று மாலையே எழுதி அனுப்பிவிட்டார்களாம். அவரும் அதை விவசாயிகளுக்குச் சொல்லிவிட்டார். இப்போது போய், இல்லை, நாங்களே தெரிந்துதான் இரண்டு லாட்டைச் சேர்த்தோம், அது எங்கள் வழக்கம் என்று சொன்னால் அதன்பிறகு எங்களிடம் யார் பசை வாங்குவார்கள்? நான் கத்தினேன். ஒரு மனிதரின் பெயர் சார் இது என்றேன். ஒருத்தருக்காக இங்கிருக்கும் அத்தனை குடும்பத்தையும் தெருவில் நிறுத்தச் சொல்கிறீர்களா என்று கேட்டார் அவர். ஜோடி சேர்ப்பது அன்றோடு நின்றது. ஆய்வகத்தில் மூட்டச் சோதனை கட்டாயமானது. காதர் பாயைச் சில மாதம் கழித்துச் சத்தமில்லாமல் பேக்கிங்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. அதற்கு மேல் அவர் இறங்கி வரவில்லை.

அதையாவது நேரில் சொல்வோம் என்று பாலக்கரைக்குப் போனேன். தெருமுனை டீக்கடையில் வீடு கேட்டேன். "தொழுகைக்குப் போனதுக்கு வேலையை விட்டு எடுத்துட்டாங்களே, அந்தக் காதர் பாயா?" என்றார் கடைக்காரர். குரலில் அவ்வளவு மரியாதை. வீட்டு வாசல்வரை கூடவே வந்து காட்டிவிட்டுப் போனார்.

காதர் பாய் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். பூச்சரம், குழாய், மூட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். முதலாளியிடம் நான் சொன்ன அந்த முத்தாய்ப்பு வாக்கியத்தையும் அப்படியே சொன்னேன். நான் அவருக்காக எப்படி வாதாடினேன் என்று அவருக்குத் தெரியட்டுமே என்ற எண்ணம்தான். கேட்டதும் அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் அன்னைக்குப் போகலை மேடம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"தொழுகைக்கு நான் போகலை. அவசரச் சரக்குன்னாங்க, கப்பல் தேதின்னாங்க. அந்த ஊர்க்காரங்க முதல் தடவையா அனுப்புறாங்கன்னும் சொன்னாங்க. விட்டுட்டுப் போக மனசு வரலை. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, நான் மட்டும் டேங்க் பக்கத்துலயே நின்னேன். வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து நான் விட்ட ஜும்மா அது ஒண்ணுதான்."

உள்ளே போகத் திரும்பிய அவர் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டார். அவருக்கும் அது புதிய செய்தி என்று முகத்திலேயே தெரிந்தது.

ஏன் இதை அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மிக்ஸர் ஓடுச்சான்னுதானே கேட்டாங்க. போனியான்னு யாரும் கேக்கலையே. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்." டம்ளரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "இப்ப இங்க பள்ளிவாசல்ல எல்லாரும் வந்து எனக்குக் கை கொடுக்குறாங்க மேடம். தொழுகைக்காக வேலையை விட்ட மனுஷன்னு பிள்ளைங்களுக்கு என்னைக் காட்டுறாங்க. அவங்ககிட்ட நான் போய் என்னன்னு சொல்றது?"

போயிருந்தாலும் சரி, போகாவிட்டாலும் சரி என்ற என் கெட்டிக்கார வாக்கியத்தில் அவருக்கு நான் மிச்சம் வைத்தது ஒன்றுமில்லை. சரக்குக்காக அவர் விட்டுக்கொடுத்தது எதுவோ, அதையே அவர்மேல் குற்றமாக வைத்தார்கள். அதையே அவருக்குப் புகழாகவும் ஆக்கிவிட்டார்கள். தொழிற்சாலைக்கு அவர் ஒரு வெள்ளிக்கிழமை ஆள், தெருவுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை ஆள். அந்த ஒரு வெள்ளிக்கிழமை அவர் எங்கே நின்றார் என்று எந்தப் பக்கத்திலும் யாரும் பார்க்கவில்லை.

பேக்கிங் வேலையைப் பற்றிச் சொன்னேன். வேண்டாம் மேடம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரும்பிப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் கடிதம் எழுதவில்லை.

உங்களுக்கு இதிலிருந்து என்ன சொல்வது? எண் நடுவில் இருக்கிறதே என்று விடாதீர்கள், ஓரங்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது புத்தகத்திலேயே இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர்மேல் பழி வந்தால் கருவியைத் தொடுவதற்கு முன் அவரை உட்காரவைத்து, அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். அதனால் அவருடைய வேலை பிழைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். பெரும்பாலும் பிழைக்காது. பதில் போயாச்சு என்று சொல்ல எங்கேயும் ஒருவர் இருப்பார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். அப்படியும் கேளுங்கள்.

அன்று நான் கிளம்பியபோது காதர் பாய் தெருமுனைவரை வந்தார். டீக்கடைக்காரர் எழுந்து அவருக்கு சலாம் சொன்னார். இவரும் திருப்பிச் சொன்னார். பஸ் வரும்வரை என்னோடு நின்றார். பஸ் வந்து நான் ஏறப்போனபோதுதான் கேட்டார்.

"அந்தத் தொட்டியத்துக்காரங்க மறுபடி காய் அனுப்பினாங்களா மேடம்?"

இல்லை என்றேன். குழுவே கலைந்துவிட்டது என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "நல்லாத்தான் கலக்கினேன் மேடம்," என்றார்.